காணாமல் போன பதினேழாம் அட்டை

மார்ச் 14, வியாழக்கிழமை. 5.10க்கு எழும்பினேன். தேநீர், சீனி இல்லாமல். குசினிச் சுவரில் இடது கை விரல்களை நண்டு மாதிரி மேலே நடத்தி, பென்சில் கோட்டைத் தொட்டு இறக்கினேன், பத்துத் தடவை. 6.22 பேருந்து இரண்டு நிமிடம் பிந்தியது. ஏழு மணிக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் என் கதிரையில் இருந்தேன். ஒரு மணி வரை முப்பத்தொரு பேருக்கு இரத்தம் எடுத்தேன். ஒருவர் மயங்கினார். உள்ளே வரும்போதே "எனக்கு ஊசியெல்லாம் ஒரு பொருட்டில்லை" என்று சொன்னவர் அவர்தான்.

அன்றைய நாட்குறிப்பு இப்படித் தொடங்குகிறது. மற்ற நாட்களின் பக்கங்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அந்தப் பக்கத்தின் நடுவில் 77 என்று எழுதி, அதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருக்கிறேன். மூன்றாவது வட்டத்தில் பேனை கடதாசியைக் கிழித்திருக்கிறது.

அட்டைகள் எழுபத்தெட்டு இருக்க வேண்டும். நான் ஒன்றரை வருடமாகக் கையால் கீறி முடித்த டாரட் அட்டைகள், சாத்திரம் சொல்லும் படச்சீட்டுகள். சனிக்கிழமை எங்கள் ஓவிய வகுப்பின் படைப்புகளை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். எழுபத்தெட்டு அட்டைக்கும் எழுபத்தெட்டுப் பெயர்ச்சீட்டு அடித்து, வெட்டி, உறையில் போட்டு வைத்திருந்தேன். வேலையால் வந்து, கை கழுவி, அட்டைகளைக் கடைசி முறையாக எண்ணினேன். எழுபத்தேழு. மேலிருந்து எண்ணினேன், கீழிருந்து எண்ணினேன். பிறகு இலக்க வரிசைப்படி மேசையில் பரப்பினேன். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மேசைவிரிப்பின் பூ தெரிந்தது.

பதினேழாம் அட்டையின் பெயர் நட்சத்திரம். எழுபத்தெட்டில் எது தொலைந்திருந்தாலும் இன்னொன்று கீறியிருப்பேன். இதை மட்டும் என்னால் திரும்பக் கீற முடியாது.

ரூலரைப் பறித்த ஹெதர்

சென்ற வாரம் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்தைப் பற்றி எழுதியிருந்ததற்கு ஒரு வாசகி, "மரம் இருக்கட்டும், நீங்கள் சாத்திரச் சீட்டுக் கீறுகிறீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். சிட்னியில் செய்தி அப்படித்தான் நடக்கும். சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கதிர் சிகிச்சையும் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. குளியலறைக் கண்ணாடியை நான் ஒரு துவாயால் மூடி வைத்திருந்தேன். என் கணவர் அன்ரன் அந்தத் துவாயைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. தன் முகச்சவரத்தைக் காரின் சின்னக் கண்ணாடியில் செய்துகொண்டார்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கென்று சமூக மண்டபத்தில் ஓர் ஓவிய வகுப்பு நடந்தது. ஹெதர் என்ற ஆசிரியை. அறுபது வயதிருக்கும், எப்போதும் இரண்டு வெவ்வேறு நிறக் காலுறை. முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: யோசிக்க வேண்டாம், கை எங்கே போகிறதோ அங்கே விடுங்கள்.

என் கை ரூலரிடம் போயிற்று.

ஹெதர் ஒரு பொதி டாரட் அட்டைகளைக் கொண்டுவந்து பரப்பினார். பேய், கோபுரம், சந்திரன், தூக்கில் தலைகீழாகத் தொங்கும் ஒருவன். எதிர்காலத்தை விடுங்கள், கடந்து வந்ததை இந்தப் படங்களை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு அட்டை கீறுங்கள் என்றார். மற்றவர்கள் ஆளுக்கொன்று கீறினார்கள். நான் அடுத்த வாரம் எழுபத்தெட்டு வரிசையும் ஆறு நிரலும் உள்ள ஓர் அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். ஹெதர் அதைக் கனநேரம் பார்த்தார். "மிக அழகான அட்டவணை, ரெஜினா" என்று சொல்லி அதைச் சுவரில் மாட்டினார். பிறகு என் ரூலரை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கச் சொன்னார். கிறுக்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். என் முதல் பன்னிரண்டு கிறுக்கலிலும் நான் கண்டது வாகனத் தரிப்பிடம். கதிர் சிகிச்சைக்குப் போன நாட்களில் இடம் தேடி ஐந்து மாடி சுற்றியது உள்ளே கிடந்திருக்கிறது. அதுவே என் தேர் அட்டை ஆனது. முட்டாள் என்ற அட்டையில் அன்ரன், என் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தவறான தாழ்வாரத்தில் போகிறார். பழைய அட்டைகளில் இருக்கும் வாள்கள் எனக்கு ஊசிகள். கோல்கள், சேலைன் தொங்கும் கம்பிகள். கோப்பைகள் தேநீர்க் கோப்பைகளேதான். நாணயங்களுக்குப் பதில் பொத்தான் கீறினேன். கை உயராத மாதங்களில் தலையால் போடும் சட்டை எதுவும் போட முடியாது. முன்னால் பொத்தான் வைத்த சட்டைகள்தான் என் உலகமாக இருந்தன.

பதினேழாம் அட்டையில், வழமையாக, ஒரு பெண் உடுப்பில்லாமல் முழந்தாளிட்டுக் குளத்தில் தண்ணீர் ஊற்றுவாள். நான் அவளுக்கு ஆஸ்பத்திரி நீல மேலங்கி போட்டேன். ஒரு பக்கம் தட்டையாக விழும் மேலங்கி. அதைக் கீறுவதற்கு முதல்நாள் காலையில்தான் குளியலறைத் துவாயை எடுத்திருந்தேன். அவள் இடது கையில் செம்பு. அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். அப்போது எனக்குக் கை தோள் வரைக்குத்தான் வரும். தலைக்குப் பின்னால் பெரிய நட்சத்திரத்துக்காக ஒரு வட்டம் தேவைப்பட்டது. அதை மட்டும் கையால் கீற மனம் வரவில்லை. மருந்துப் போத்தலின் மூடியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டு மஞ்சள் தீட்டினேன்.

ஹெதர் பார்த்துவிட்டு, "இது நீங்கள் கீறிய முதல் படம்" என்றார். அது என் ஐம்பத்தொன்பதாவது படம். அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

தவக்காலத்தில் சீட்டு

இதற்குள் என் அப்பாவைப் பற்றி ஒரு பந்தி எழுத வேண்டியிருக்கிறது.

மன்னாரில் எங்கள் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் பிரபலம். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தால் அம்மா சீட்டுக்கட்டை நூலால் கட்டி, மா போட்டு வைக்கும் தகர ரின்னுக்குள் போட்டுவிடுவா. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடியும் வரைக்கும் வீட்டில் சீட்டு இல்லை. ஒரு வருடம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டி, ஆட்டத்துக்கு வேண்டிய சீட்டு முழுவதையும் பேனையால் கீறிவிட்டார். ராசாவுக்கு எங்கள் விதானையாரின் மீசை. அம்மா பிடித்துக்கொண்டா. "கையால கீறினது. இது சீட்டில்லை" என்று அப்பா வாதாடினார். அம்மா அந்தக் கட்டை அடுப்பில் வைத்துவிட்டா.

சொல்ல வந்தது, மார்ச் 14 தவக்காலத்துக்குள் வந்த நாள். செபக்கூட்டத்தில் இருக்கிற ஒரு பெண், அதுவும் சாத்திரம் பார்க்கும் சீட்டு வகையை, கோவில் மணி கேட்கும் தூரத்தில் வைத்துக் கீறிக்கொண்டிருந்தது எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நோய் வந்ததும் தெரியாது. தோள்மூட்டு இறுகிவிட்டது, அதற்கு லீவு என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்கள் நல்லவர்கள். தெரிந்தால் புட்டும் கறியும் கொண்டு வருவார்கள். வாசலில் நின்று தலையைச் சரித்து ஒரு பார்வை பார்ப்பார்கள். புட்டுக்கு நான் ஆயத்தம். அந்தப் பார்வைக்கு இல்லை.

வடைத் தட்டுக்குப் பக்கத்தில்

அன்ரன் சோபாவின் மெத்தைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எத்தனை இருக்கோணும்?"

"எழுபத்தெட்டு."

"எழுபத்தேழு இருக்கெல்லோ. ஆர் எண்ணப் போயினம்?"

"நான் எண்ணுவன்."

"அது சரி" என்று திரும்ப மெத்தையைத் தூக்கப் போனார்.

"இஞ்ச பாருங்கோ. செவ்வாய்க்கிழமை செபமாலைக்கு ஆக்கள் வரமுன்னம் மேசையை ஒதுக்கினது ஆர்?"

"நான்தான். நீ தானே ஒதுக்கச் சொன்னனீ."

"அட்டையெல்லாத்தையும் எங்க வைச்சனீங்கள்?"

"பத்திரமாத்தான் வைச்சனான். பீங்கான் தட்டில போட்டு, வடைத் தட்டுக்குப் பக்கத்தில."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்குத் தேநீர் ஊற்றக் குசினியில் நின்றதால் அந்தத் தட்டு என் கண்ணில் படவில்லை.

எங்களுடைய செபக்கூட்டத்தில் ஒரு வழமை உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் செபமாலை. முடிந்ததும் தேநீர், சிற்றுண்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சின்னச் சின்ன அர்ச்சியசிட்டவர் படங்கள், மாதாவும் புனிதர்களும், வைத்திருக்கும். ஆளுக்கொன்று எடுத்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். ஒருவரும் கேட்டு எடுப்பதில்லை. கேட்டால்தான் மரியாதைக் குறைவு.

என் அட்டைகள் செபப்புத்தகத்துக்குள் வைக்கும் படங்களின் அளவு. மூலைகளை வட்டமாக வெட்டி, பிளாஸ்ரிக் உறை ஒட்டியிருந்தேன். எழுபத்தேழு அட்டைக்கு றப்பர் பட்டி போட்டிருந்தேன். பதினேழைக் கடைசியாக ஒட்டியதால் அது காயட்டும் என்று மேலே தனியாகக் கிடந்தது. நீல அங்கி, முழந்தாள், தலைக்குப் பின்னால் போத்தல் மூடியளவு மஞ்சள் வட்டம்.

"மாதா எண்டு நினைச்சு எடுத்துக்கொண்டு போட்டினம்" என்றேன்.

அன்ரன் கொஞ்சம் யோசித்தார். "நல்ல காலம். மேல பேய் இருந்திருந்தா?"

வந்தவர்கள் ஐந்து பேர். யாரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். 'ஒரு படம் மாறிப் போய்விட்டது' என்று முதல் வசனத்தை எழுதி முடிப்பதற்குள், 3.10க்கு, தொலைபேசி அடித்தது. பிலோமினா அன்ரி.

பிலோமினா அன்ரிதான் எங்கள் செபக்கூட்டத்தை நடத்துகிறவர். மன்னார் ஆள். பிள்ளைகள் மெல்பேர்னில், கணவர் இல்லை. இந்தப் பகுதியில் முப்பது வருடமாக முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேரின் வெள்ளைச் சட்டை அவர் தைத்தது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னார். வயதை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை தந்தியே ஒரு மாதா படம், அது எங்க வாங்கினனீ?"

"ஏன் அன்ரி?"

"இன்னும் ரெண்டு கிடைக்குமோ? ஒண்டு மெல்பேர்னுக்கு அனுப்ப. மற்றது கைவசம் இருக்கட்டும்."

"அன்ரி, நான் நேரில வாறன். நாலு மணிக்கு நிப்பீங்களோ?"

"நான் எங்க போறது? வா."

நாலு மணி

மாற்றிக் கொடுப்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதாவின் நல்ல படம் ஒன்றை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு போனேன். தங்க ஓரம் வைத்தது. திட்டம் சுலபமானது: அது விற்பனைக்கு இல்லாத படம், ஒரு சிநேகிதி கீறியது, திருப்பிக் கேட்கிறாள், அதற்குப் பதில் இது. சிநேகிதி என்பதைத் தவிர எல்லாம் உண்மை.

அன்ரியின் முன்னறையில் தையல் மெசின்தான் பீடம். மெசினை உள்ளே மடித்துவிட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து, மாதா சுருவமும் அந்தோனியாரும் வைத்திருப்பார். நடுவில், வெள்ளை நூல்கட்டை ஒன்றில் சாய்த்து வைத்தபடி, என் பதினேழாம் அட்டை. முன்னால் பற்றரியில் எரியும் மெழுகுதிரி.

"இரு" என்றார். தேநீர் ஊற்றினார். "மூண்டு நாளா நான் நல்ல நித்திரை கொள்ளுறன் பிள்ளை. இந்தப் படம் வந்த நாள் துவக்கம்."

"அது அன்ரி, அந்தப் படம் வந்து..."

"நீ வடிவாப் பாத்தனியோ அதை?" அன்ரி எழும்பிப் போய் அட்டையை எடுத்து வந்தார். விரல் நகத்தால் மேலங்கியின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "நான் துணி வெட்டுறவள். எனக்கு உடன தெரிஞ்சிட்டுது. துணி இந்தப் பக்கம் விழுறது வேற, இந்தப் பக்கம் விழுறது வேற. இந்த மாதாவுக்கு ஒரு பக்கம் இல்லை."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்கட கோவில்களில உப்பிடி ஒரு மாதா நான் காணேல்ல. ஆரோ விளங்கின ஆள் கீறியிருக்கு. அப்பதான் நினைச்சன், இவவிட்டச் சொல்லலாம் எண்டு."

"என்னத்தை அன்ரி?"

அன்ரி யன்னலைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தன் மார்புக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"ஒரு கச்சான் கொட்டை அளவு. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. பரிசோதனைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது, சுருவத்துக்குக் கீழ வைச்சிருக்கிறன். இவவுக்கு ஒன்பது நாள் நவநாள் துவங்கியிருக்கிறன். இண்டைக்கு மூண்டாம் நாள். கரைஞ்சுதெண்டா டொக்டரிட்டப் போற வேலை இல்லை. நேற்றுத் தொட்டுப் பாத்தன், கொஞ்சம் சின்னனான மாதிரிக் கிடக்கு."

கைப்பைக்குள் தங்க ஓரம் வைத்த மடு மாதா. அதை எடுத்துக் கொடுத்து, அட்டையை வாங்கி, 4.40 பேருந்தைப் பிடித்திருக்கலாம். நவநாள் மடு மாதாவிடம் மாறியிருக்கும். ஒன்பது நாள் முடிந்ததும் இன்னொரு ஒன்பது நாள் தொடங்கியிருக்கும்.

எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். நானும் ஐந்து வாரம் பிந்தியவள். ஒவ்வொரு நாளும் பேருந்து எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுதுகிற நான், அந்த ஐந்து வாரமும் கட்டி என்ற சொல்லை நாட்குறிப்பில் எழுதவில்லை. பக்க மூலையில் பேனையால் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். முப்பத்தைந்து புள்ளி.

"அன்ரி" என்றேன். "அது மாதா இல்லை."

"பின்ன ஆர்? மாதாவின்ர தாய் அன்னம்மாளோ?"

"நான்."

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மூக்கு வேற" என்றார்.

"எனக்கு மூக்குக் கீற வராது."

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடத்தையும் சொல்லி முடிக்க ஏழு நிமிடம்தான் எடுத்தது. டாரட் என்பதையும் மறைக்கவில்லை. தேநீரில் ஆடை படிந்தது.

"தோள்மூட்டு எண்டனீ."

"பொய் சொன்னனான்."

"உன்ர தோள்மூட்டுக்கு நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனான்."

"தெரியும் அன்ரி."

"அப்ப மூண்டு நாளா நான் உனக்கோ செபம் சொன்னனான்?"

"ஓம்."

"மெழுகுதிரியும் வைச்சன்." சற்றுப் பொறுத்து, "பற்றரி மெழுகுதிரிதானே" என்றார், அதனால் குற்றம் கொஞ்சம் குறைகிறது என்பது போல. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எழும்பினேன். சிரிப்பு. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தோம். நான் துடைத்தது முழுக்கச் சிரிப்பால் வந்த கண்ணீர் இல்லை. அவருடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சிரிப்பு நின்றதும் அன்ரியின் குரல் சின்னதாகிவிட்டது.

"எனக்குப் பயமாக் கிடக்கு ரெஜினா."

"எனக்கும் கிடந்தது. அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"காட்டு."

தையற்காரியின் கண்

அன்ரனுக்கும் வைத்தியர்களுக்கும் தவிர நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. பொத்தான்களைக் கழற்றினேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

அன்ரி தலையைச் சரிக்கவில்லை. நான் பயந்திருந்த அந்தப் பார்வை வரவில்லை. கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, தழும்பை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் வரைக்கும் விரலால் தொடாமல் பின்தொடர்ந்தார். ஒரு சட்டையின் தையலைச் சரிபார்ப்பது போலவே.

"ஆர் தைச்சது?"

"ஒரு டொக்டர். பொம்பிளை."

"நல்ல கை. ஒரு இடமும் சுருங்கேல்ல." பிறகு, "நோகுதோ?"

"இப்ப இல்லை. மழைக்கு முன்னம் கொஞ்சம் இழுக்கும்."

"கையைத் தூக்கு பாப்பம்."

தூக்கினேன். காதுக்குக் கொஞ்சம் மேலே வரை.

"படத்தில இன்னும் உயரத் தூக்கியிருக்கிறாய்."

"படத்தில தூக்கினாப் பிறகுதான் அன்ரி, இவ்வளவாவது வந்தது."

அன்ரி தலையாட்டினார். நான் பொத்தான்களைப் பூட்டினேன். "மூண்டாவது பொத்தான் கழரப் போகுது. நூல் இளகிக் கிடக்கு. தைச்சுப்போட்டுப் போடு" என்றார்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "நான் டொக்டர் இல்லை அன்ரி. இரத்தம் எடுக்கிறவள். தொட்டுப் பாத்து நான் ஒண்டும் சொல்லக்கூடாது. சொல்லக்கூடிய ஆளிட்டப் போவம்." அங்கேயே இருந்து அவருடைய குடும்ப வைத்தியரின் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த நாள் காலை 8.20 கிடைத்தது. என் வேலையிடத்துக்கு எடுத்து லீவு கேட்டேன். இவ்வளவு குறுகிய நேரத்தில் நான் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. மேலாளர் இரண்டு முறை, "ரெஜினாதானே பேசுவது?" என்று கேட்டார்.

"என்ன உடுப்புப் போட?" என்றார் அன்ரி.

"முன்னால பொத்தான் வைச்சது. கழட்டப் பூட்டச் சுகம்."

"என்னட்ட ஒண்டும் இல்லை. எல்லாம் தலையால போடுறது." ஊருக்கெல்லாம் தைத்தவரிடம் இல்லை.

புறப்படும்போது அட்டையைப் பார்த்தேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "அன்ரி, அது சனிக்கிழமைக்கு எனக்குத் தேவை. எழுபத்தெட்டில ஒண்டு."

அன்ரி அதைச் செபப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார். "தரமாட்டன். தட்டில வைச்சனீ, எடுத்தனான்."

"அது சாத்திரச் சீட்டு அன்ரி. தவக்காலம்."

"கையால கீறினது தானே" என்றார். "இது சீட்டில்லை."

மா ரின்னும் சப்பாத்துப் பெட்டி மட்டையும் அன்ரிக்குத் தெரிய நியாயமில்லை. அந்த இடத்தில் அப்பா வென்றுவிட்டார் என்று எனக்குப் பட்டது. மடு மாதாவைக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தர வேண்டும் என்பது என் திட்டம், அவருடையது அல்ல.

"போட்டு வாறன் அன்ரி. ஏழே முக்காலுக்கு நிப்பன்."

"ஏழரைக்கு வா. நான் மனம் மாறுறதெண்டா ஏழே முக்காலுக்குத்தான் மாறுவன்."

பேருந்தில் இருந்து ஹெதருக்கு எடுத்து, பதினேழாம் அட்டை வராது என்றேன். இடைவெளியை நெருக்கி மற்றதையெல்லாம் நகர்த்தலாமா என்று கேட்டார். வேண்டாம், இடத்தை அப்படியே விடுங்கள் என்றேன். சனிக்கிழமை அந்த இடத்தில் பெயர்ச்சீட்டு மட்டும் இருந்தது. அதில் நான் கையால் ஒரு வரி சேர்த்திருந்தேன்: ஒருவருக்குத் துணையாகப் போயிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க வந்தவர்கள் மற்ற எழுபத்தேழையும் விட அந்த வெறும் இடத்தின் முன்னால்தான் கூடுதல் நேரம் நின்றார்கள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆனால் அது சனிக்கிழமை. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை இருந்தது.

மார்ச் 15, வெள்ளிக்கிழமை. 5.10க்கு எழும்பினேன். கேத்திலைப் போடவில்லை, சுவரில் கையை ஏற்றவில்லை. முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து, எனக்குக் கை உயராத மாதங்களில் நான் போட்டுத் திரிந்த நீலச் சட்டையை அன்ரிக்கென்று எடுத்தேன். ஆறு பொத்தான். குசினி வெளிச்சத்தில் இருந்து ஆறையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, இரட்டை நூலால் இறுக்கித் தைத்தேன். பிலோமினா அன்ரி பரிசோதிப்பார் என்று தெரியும்.